கருது சுட்டுத் தின்னும் பன்றிகள்

கோயமுத்தூர் ஜில்லாவுக்குக் கடல் கிடையாது. இது எங்களுக்கெல்லாம் தெரிந்த சங்கதி. கடல் பார்க்க ஆசை வந்தால் புளிசாதம் கட்டிக்கொண்டு ராமேஸ்வரம் டூர் பஸ்ஸில் ஏறுவோம். ஆனால் இது அரசாங்கத்துக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று கட்டாயம் ஒன்றும் இல்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், "அனைத்து மாவட்டங்களிலும் கடலோர மற்றும் தீவுப் பராமரிப்பு அலுவலர் ஒருவர் நியமிக்கப்படுவார்" என்று ஓர் ஆணை பிறந்தது. அனைத்து என்றால் அனைத்துத்தான். கடல் உள்ள மாவட்டம், கடல் இல்லாத மாவட்டம் என்று பிரித்துப் பார்ப்பது சமத்துவத்துக்கு விரோதம். ஆகவே எங்களுக்கும் ஒருவர் வந்து சேர்ந்தார்.

அவர் பெயர் பிரகாசம். திருச்சி ரோட்டில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் அவருக்கு ஆபீஸ். சுவரில் வங்காள விரிகுடாவின் படம். மூலையில், தலைமையிடத்திலிருந்து அனுப்பி வைக்கப்பட்ட ஒரு ரப்பர் மிதவை வளையம். கீழே பன் வேகும் வாசனையை முகர்ந்துகொண்டே அவர் தவறாமல் மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பி வந்தார். "கடல் அரிப்பு இல்லை. அத்துமீறிய கட்டடங்கள் இல்லை. ஆமைகளுக்கு இடையூறு இல்லை." தமிழ்நாட்டிலேயே மிகச் சிறப்பாகப் பராமரிக்கப்படும் கடற்கரை கோயமுத்தூருடையதுதான் என்று அவருக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழும் வந்தது. அதைச் சட்டம் போட்டு மாட்டிவைத்தார்.

நல்லது நடந்தால் யாருக்குக் கண் உறுத்தாது? புதிதாக வந்த மேலதிகாரி ஒருவர், இவ்வளவு பிரச்சினையில்லாத கடற்கரைக்கு எதற்கு ஓர் அலுவலர் என்று கேட்டுவிட்டார். தீபாவளிக்குள் ஒரு பிரச்சினையாவது காட்ட வேண்டும், இல்லையென்றால் பதவி ஒழிக்கப்பட்டு, பிரகாசம் ராமநாதபுரத்துக்கு மாற்றப்படுவார். பிரகாசத்துக்கு சிங்காநல்லூரில் பாதி கட்டிய வீடு நிற்கிறது. அது போகட்டும், அவருக்குக் கடலைப் பார்த்தாலே தலை சுற்றும்.

இந்த நிலையில்தான் ஆனைமலைப் பக்கம் பூளைப்பாளையத்திலிருந்து திருமூர்த்தி என்ற விவசாயி மாடிப்படி ஏறி வந்து வாசலில் செருப்பை விட்டார்.

"ஏனுங்க, உள்ள வரலாமுங்களா?"

பிரகாசம் எழுந்தே நின்றுவிட்டார். அந்த ஆபீசுக்கு வந்த முதல் மனுதாரர் அவர்தான்.

"வாங்க, வாங்க, உக்காருங்க. கடலுங்களா, தீவுங்களா?"

"பன்னிங்க."

பிரகாசத்தின் முகம் தொங்கிப்போயிற்று. "பன்னின்னா வனத்துறையில இல்லீங்க சொல்லோணும்?"

"அங்கதானுங்க மொதல்ல போனேன். காட்டுப்பன்னி எங்க மக்காச்சோளத்த அழிக்குது, அடிக்கறதுக்கு ஒரு அனுமதி குடுங்கன்னேன். பூமியச் சுத்தித் தண்ணி நிக்குதான்னு கேட்டாங்க. நிக்குதுங்கன்னேன். அப்ப அது எங்க பன்னி இல்ல, எங்க பன்னி தரையில நடக்கறதுன்னு சொல்லிப்போட்டாங்க. அணைக்கட்டு ஆபீசுல கேட்டா, தண்ணி மட்டுந்தான் அவுங்களுது, அதுல நீந்தறதெல்லாம் மீன் இலாகாவாமா. மீன் இலாகாவுல, பன்னிக்குச் செதில் இருக்குதான்னு கேட்டுப்போட்டு உங்ககிட்ட அனுப்பிச்சாங்க."

இவ்வளவில் பிரகாசத்தின் காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான்.

"சுத்தித் தண்ணின்னீங்களே, நாலு பக்கமுங்களா?"

"ஆமாங்க. எங்க தாத்தன் காலத்துப் பூமிங்க. அணை கட்டறப்ப மத்ததெல்லாம் முழுகிப் போச்சு, இந்தக் கரடு மட்டும் மேடுங்கறதால தப்பிச்சுது. ஆடியில அணை ரொம்பினா பரிசல்லதான் போகோணும். பங்குனியில தண்ணி எறங்கிப் போச்சுன்னா நடந்தே..."

"பங்குனியப் பத்தி நான் கேக்கலீங்க" என்றார் பிரகாசம். நாற்காலியின் நுனிக்கே வந்துவிட்டார். "இது தீவுதானுங்களே?"

பூளைப்பாளையத்தில் அதை எல்லோரும் கரடு என்றுதான் சொல்வார்கள். ஆனால் ஒரு மனிதர் அப்படி முகத்தை வைத்துக்கொண்டு கேட்கும்போது இல்லை என்று சொல்வது எங்கள் பக்கத்துப் பழக்கம் இல்லை. "நீங்க சொன்னாச் சரியாத்தானுங்க இருக்கும்" என்றார் திருமூர்த்தி.

கொங்கு நாட்டுக்கு முதல் தீவு கிடைத்தது இப்படித்தான்.

திருமூர்த்திக்குப் பன்றி மேல் தனிப்பட்ட பகை ஏதும் கிடையாது. ஆனால் முந்தைய வெள்ளாமைகள் எல்லாம் பன்றி வாய்க்கே போயிருந்தன. அவர் மனைவி செல்லாத்தாளின் அண்ணன் தம்பிதுரை ஈரோட்டில் விசைத்தறிக் கொட்டகை போட்டிருக்கிறார். "மாப்ளே, இந்த வெள்ளாமையும் போச்சுன்னா கரட்ட யாருக்காவது தள்ளிப்போட்டு, ரெண்டு பேரும் தறிக்கு வந்துருங்க" என்று கறாராகச் சொல்லிவிட்டார். திருமூர்த்தியும் தலையாட்டியிருந்தார். மச்சான் சொல்லும்போது எப்படி மாட்டேன் என்பது? ஆனால் இரவெல்லாம் தடதடவென்று தறி ஓடும் சத்தத்தில் படுத்துக் கிடப்பதை நினைத்தால் அவருக்கு இப்போதே காது வலித்தது. இந்த வருஷம் மக்காச்சோளத்தைக் காப்பாற்றினால் கரட்டில் இருக்கலாம். இல்லையென்றால் ஈரோடு.

அரசாங்கம் அவ்வளவு வேகமாக ஒரு காரியம் செய்து நான் பார்த்ததில்லை. ஆவணி பிறப்பதற்குள் கரடு தீவாக அறிவிக்கப்பட்டது. அதைச் சுற்றியுள்ள சேறு கடற்கரை ஆயிற்று. கடற்கரை என்று ஆன பிறகு விதிகளும் வந்துதானே தீர வேண்டும்? பரிசலில் அக்கரைக்குப் போகிறவர்கள் கரை கடக்கும் அனுமதி வாங்க வேண்டும் என்று போர்டு வைத்தார்கள். திருமூர்த்தி தன் காட்டுக்குக் களை எடுக்கப் போவதற்கும் அனுமதி வேண்டும்.

"அப்பப் பன்னிங்க?" என்று செல்லாத்தாள் கேட்டாள்.

"விதி கலத்துல போறவங்களுக்குத்தானுங்க அம்மா. பன்னி நீந்திப் போகுது. அதுக்குப் பொருந்தாது" என்றார் பிரகாசம்.

"அப்ப நானும் நீந்திப் போறனுங்க."

"நீந்தறதுன்னா உயிர் காப்பு வளையம் கட்டாயமுங்க. எங்ககிட்ட ஒண்ணுதான் இருக்குது."

சரி, வேட்டை அனுமதி? அதற்கு முதலில் சேதத்தை நேரில் பார்க்க வேண்டும். புரட்டாசியில், மக்காச்சோளக் கருது பால் பிடித்த சமயத்தில், பிரகாசம் தன் சிப்பந்திகளோடு வந்து இறங்கினார். அணையில் மீன் குத்தகைக்கு எடுத்திருந்த அப்துல் நாசர்தான் பரிசல் தள்ளினார். வேகாத வெயிலில் மேடேறி வந்து மூச்சு வாங்க நின்றவர்களை அப்படியே விட முடியுமா? திருமூர்த்தி பத்துக் கருது ஒடித்து, நெருப்பு மூட்டி, வாட்டி, உப்பும் மிளகாய்த்தூளும் தடவிக் கையில் கொடுத்தார். கிளம்பும்போது, "குழந்தைகளுக்குக் கொண்டு போங்க" என்று துண்டில் கட்டியும் கொடுத்தார். காட்டுக்கு வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்புவது எங்கள் ஊரில் நடக்காத காரியம்.

இதில் ஒரு சட்டச் சிக்கல் இருந்தது. அரசு ஊழியர் மனுதாரரிடம் எதையும் வாங்கித் தின்னக் கூடாது என்பது நடத்தை விதி. ஆகவே பிரகாசம் அதிகாரபூர்வமாக எதுவும் தின்னவில்லை. சிப்பந்திகளும் தின்னவில்லை. தின்னாமல் போட்ட கருதுக்கட்டைகள் மட்டும் கரையோரம் குவிந்து கிடந்தன.

மறுவாரம் சேதம் கணக்கிட வேறொரு குழு வந்தது. அவர்களுக்கு அந்தக் குவியல் கண்ணில் பட்டது. "பன்னி எவ்வளவு தின்னிருக்குது பாருங்க" என்று அதிர்ந்துபோனார்கள். கட்டைகளை எண்ணி, ஒரு பன்றி ஒரு வேளைக்கு இத்தனை தின்னும் என்று வகுத்து, தீவில் பன்றிகளின் தொகை அபாயகரமான அளவில் இருப்பதாக முடிவு கட்டினார்கள். எண்ணி முடித்த களைப்பில் அவர்களும் ஆளுக்கு நாலு கருது, அதிகாரபூர்வமாக இல்லாமல், தின்றுவிட்டுப் போனார்கள். அந்தத் தொகையைச் சரிபார்க்க வந்த அடுத்த குழு, பன்றிகள் ஒரே வாரத்தில் இரட்டிப்பாகிவிட்டதைக் கண்டுபிடித்தது. இரட்டிப்பான பன்றிகளைப் பார்க்க இன்னொரு குழு வந்தது. மழையைப் பார்த்துப் பார்த்துத் திருமூர்த்தி கொஞ்சம் கொஞ்சமாக விதைத்திருந்ததால், எந்தக் குழு எப்போது வந்தாலும் ஏதாவது ஒரு பாத்தியில் கருது பதமாக இருந்தது.

நிஜமான பன்றிகள் என்ன ஆயின என்று கேட்பீர்கள். பகலெல்லாம் ஜனநடமாட்டம், புகை, சத்தம். இருட்டினால் அப்துல் நாசர் கடைசிக் குழுவைக் கரை சேர்த்துக்கொண்டிருப்பார். பன்றிகளுக்கும் மானம் உண்டு. அவை மலைப் பக்கம் போய்விட்டன.

செல்லாத்தாளுக்குத் தாங்கவில்லை. "ஏனுங்க, பன்னி வந்து ஒரு மாசமாச்சு. இவுங்கதான் தின்னு தீக்கறாங்க. நீங்க தின்னதுதானுங்க அதுன்னு ஒரு வார்த்த சொல்லறதுக்கென்ன?"

திருமூர்த்தி பதறிப்போனார். "அம்மணி, தின்னதச் சொல்லிக்காட்டச் சொல்றியா? நாமளே ஒடிச்சுக் குடுத்துப்போட்டு?"

செல்லாத்தாளுக்கும் அது தெரியும். போட்ட சோற்றைச் சொல்லிக்காட்டுவதைவிடக் கேவலம் எங்கள் பக்கத்தில் வேறில்லை. பங்காளியோடு வெட்டுக்குத்து என்றாலும் சபையில் நிமிர்ந்து நிற்கலாம். போட்டதைச் சொல்லிக்காட்டியவன் வீட்டில் பெண் எடுக்க மாட்டார்கள். ஆக, தின்றவர்கள் விதிப்படி தின்றதாகச் சொல்ல முடியாது; கொடுத்தவர்கள் வழக்கப்படி கொடுத்ததாகச் சொல்ல முடியாது. மிச்சம் இருப்பது பன்றிதான்.

இந்தக் கட்டத்தில்தான் பிரவீனா வந்து சேர்ந்தார். கோயமுத்தூரில் பெரிய மில் குடும்பத்து மருமகள், விலங்கியலில் பட்டம் பெற்றவர், 'இயற்கை நேசர் மன்ற'த்தின் தலைவி. அந்தக் காலத்தில் இயற்கையை நேசிப்பது எங்கள் நகரத்தில் திடீரென்று பரவியிருந்தது. கேபிள் டி.வி.யில் சிறுத்தையைப் பார்த்த வீடுகளில் எல்லாம் பைனாகுலர் வாங்கினார்கள். இலை நிறத்தில் தொப்பி, பாக்கெட்டுக்கு மேல் பாக்கெட் வைத்த கால்சட்டை, நகைக்கடைப் பை மாதிரி தோளில் ஒரு கேமரா. அந்த உடுப்பில் அவர்கள் ஆர்.எஸ்.புரத்தில் காப்பி குடிக்கப் போனாலும் காட்டுக்குள் மறைந்து நிற்பதாகவே எண்ணம்.

பிரவீனா கருதுக்கட்டை ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் வெளுத்தது.

"இது கருகியிருக்குது."

பிரகாசம் தண்ணீரைப் பார்த்தார்.

"அத்தனையும் கருகியிருக்குது. இங்க சாம்பல் இருக்குது." அவர் கட்டையின் நுனியை நாக்கில் வைத்துப் பார்த்தார். "உப்பும் மிளகாயும். ஏனுங்க பிரகாசம் சார், இத யாரு சுட்டது?"

"மனுசங்க யாரும் தின்னதா ரெக்கார்டு இல்லீங்க" என்றார் பிரகாசம். அது முழு உண்மை.

"நீங்களா சுட்டீங்க?" என்று பிரவீனா திருமூர்த்தியைக் கேட்டார்.

திருமூர்த்தி பிரகாசத்தைப் பார்த்தார். பிரகாசம் ராமநாதபுரத்தைக் கண்ணில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தார். ஆமாம் என்றால், யாருக்காகச் சுட்டாய் என்பது அடுத்த கேள்வி. "எனக்கென்னங்க தெரியும்" என்றார் திருமூர்த்தி.

ஆகவே, பன்றிகள் சுட்டன என்பதைத் தவிர வேறு முடிவுக்கு வர வழி இல்லை. நெருப்பு மூட்டத் தெரிந்த காட்டுப்பன்றி உலகத்தில் பூளைப்பாளையம் தீவில் மட்டும் வாழ்கிறது என்று பிரவீனா பத்திரிகைக்காரர்களைக் கூட்டி அறிவித்தார். தனித்த நிலப்பரப்பில் வாழும் உயிர்கள் தனித்த குணங்களைப் பெறுமாம். சென்னையில் மேலதிகாரி மகிழ்ந்துபோய், கோயமுத்தூர்க் கடற்கரைக்கு ஒரு ஜீப் அனுமதித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் மன்றத்தார் குடும்பத்தோடு வந்து புதருக்குப் பின்னால் பைனாகுலருடன் காத்திருந்தார்கள். காத்திருக்கிறவர்களுக்குப் பசிக்குமே. பனியன்களில் தீப்பெட்டியோடு ஒரு பன்றி அச்சாகித் திருப்பூரிலிருந்து வந்து இறங்கியது. அப்துல் நாசர் மீன் பிடிப்பதையே விட்டுவிட்டு இன்னொரு பரிசல் வாங்கினார்.

வேட்டை அனுமதி என்ற பேச்சை எடுத்தாலே இப்போது எல்லோரும் திருமூர்த்தியைக் கொலைகாரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

ஐப்பசியில் உயர்மட்டக் குழு ஒன்று தீவிலேயே கூடியது. கரட்டின் உச்சியில் பவானி ஜமக்காளம் விரித்து அதிகாரிகள் உட்கார்ந்தார்கள். அதற்குள் மக்காச்சோளத்தில் பெரும்பகுதி போய்விட்டது. கடைசியாக விதைத்த தெற்கு மூலை மட்டும் நின்றது. அந்த மூலைதான் இனி விதைக்கும், சோற்றுக்கும், கரட்டுக்கும்.

"மனுதாரர் தரப்பில் ஏதாவது சொல்ல வேண்டுமா?" என்று சென்னை மேலதிகாரி கேட்டார்.

திருமூர்த்தி தலையைக் குனிந்துகொண்டார். செல்லாத்தாள் அவரைப் பார்த்தாள், தெற்கு மூலையைப் பார்த்தாள், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். "நான் சொல்றனுங்க. உள்ளதச் சொல்லிப்போடறேன். இந்தக் கருதயெல்லாம் தின்னது..."

பிரகாசம் கண்ணை மூடிக்கொண்டார்.

செல்லாத்தாள் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தாள். ஒருவர் பல்லில் நார் சிக்கித் தவித்துக்கொண்டிருந்தார். ஒருவர் கருதைப் பாதி கடித்த நிலையில் ஜமக்காளத்துக்கு அடியில் மறைத்துக்கொண்டிருந்தார். கடைசியில் இருந்த ஒரு கிழட்டு அதிகாரி ஒன்றும் மறைக்காமல், சின்னப் பிள்ளை மாதிரி, மணி மணியாக ருசித்துத் தின்றுகொண்டிருந்தார். தின்கிற வாயைப் பார்த்து எப்படிச் சொல்வது? பாவி மனுஷி வளர்ந்த வளர்ப்பு அப்படி.

"...தின்னதுல உப்புக் கொறச்சலுங்களா? இன்னொண்ணு சுட்டுக் கொண்டாரட்டுங்களா?" என்றாள்.

கூட்டம் நிம்மதியாக மேலே நடந்தது. கட்டைகளின் எண்ணிக்கை வாசிக்கப்பட்டது. அந்தக் கணக்குப்படி தீவில் பன்றிகள் நிற்கவே இடம் போதாது, ஒன்றின் மேல் ஒன்று நின்றால்தான் உண்டு. இப்படியே போனால் உணவில்லாமல் அந்த அபூர்வ இனமே அழிந்துவிடும். ஆகவே இனத்தைக் காப்பாற்றும் பொருட்டு அதில் ஒரு பகுதியைச் சுட்டுக் கொல்வது என்று குழு ஒருமனதாகத் தீர்மானித்தது. பிரவீனாவே கண்ணைத் துடைத்துக்கொண்டு சம்மதித்தார். அனுமதியை மூத்த மனுதாரரான திருமூர்த்திக்கே தருவது, துப்பாக்கியையும் துறையே கொடுப்பது. ஒரே நிபந்தனை: சாதாரணக் காட்டுப்பன்றியைத் தவறிப்போய்ச் சுட்டுவிடக் கூடாது. அதற்காக, சுட வேண்டிய பன்றியின் அடையாளங்களைத் தடயங்களிலிருந்து தொகுத்து அனுமதியிலேயே எழுதியிருப்பார்கள். சுடுவதற்கு முன் அதைத் தீவில் உள்ள அனைவருக்கும் உரக்க வாசித்துக் காட்ட வேண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அனுமதி வந்தது. அன்று தீவில் எள் போட இடமில்லை. மன்றத்தார் இருந்தார்கள், ஜீப்பில் வந்த அதிகாரிகள் இருந்தார்கள். தங்கையையும் மாப்பிள்ளையையும் தறிக்குக் கூட்டிப்போக வேனோடு வந்த தம்பிதுரையும், வந்த இடத்தில் ஒரு கருதைக் கடித்தபடி, "சாமானெல்லாம் கட்டியாச்சாம்மா?" என்று செல்லாத்தாளிடம் விசாரித்துக்கொண்டிருந்தார். தெற்கு மூலையில் முதல் வரிசை காலியாகியிருந்தது.

திருமூர்த்தி துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு பாறை மேல் ஏறினார். காகிதத்தைப் பிரித்தார். எழுத்துக் கூட்டி, நிதானமாக, நல்ல கணீர்க் குரலில் வாசித்தார்.

"சுட வேண்டிய பன்றியாவது: பகல் பொழுதில் மட்டும் வரும். கூட்டமாக, பெரும்பாலும் ஞாயிறு மற்றும் ஆய்வு நாட்களில் வரும்."

சிலர் சிரித்தார்கள்.

"கருதைப் பச்சையாகத் தின்னாது. சுட்டு, உப்பும் மிளகாய்த்தூளும் தடவியே தின்னும். காலடித் தடம் குளம்பு போல் இராது, பூட்ஸ் போல் இருக்கும்."

சிரிப்பு நின்றது. ஒருவர் குனிந்து தன் காலைப் பார்த்தார்.

"தின்ற கட்டையைத் தண்ணீரோரம் எறியும். தின்றது போக மிஞ்சியதைத் துணியில் கட்டித் தன் குட்டிகளுக்கு எடுத்துச் செல்லும். இதனால் இவ்வினத்தின் குடும்பப் பாசம் விளங்கும்."

தம்பிதுரை கருது முடிந்து மடியில் கட்டியிருந்த துண்டு மெதுவாக அவிழ்ந்தது.

"மேற்படி அடையாளங்கள் உடையது எதுவாயினும், எத்தகைய உடற்கட்டு உடையதாயினும், கண்ட இடத்தில் சுடுவதற்கு மனுதாரருக்கு இதனால் அதிகாரம் அளிக்கப்படுகிறது."

வாசித்து முடித்து, காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, திருமூர்த்தி துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கினார். தோள் வலித்ததால்தான் இறக்கினார். அவரை எனக்குத் தெரியும்.

யாரும் ஓடவில்லை. எல்லோரும் படித்தவர்கள், கௌரவமானவர்கள். கையில் இருந்த கருதைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார்கள். "அப்ப வாரனுங்க", "நேரமாச்சுங்க", "மழ வர்ற மாதிரி இருக்குதுங்க" என்று ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு பரிசலுக்கு நடந்தார்கள். வானத்தில் ஒரு மேகம் இல்லை. பிரவீனா தொப்பியை முகத்துக்கு இறக்கிக்கொண்டார். முதல் பரிசலில் முதல் ஆளாக ஏறியவர் தம்பிதுரை. அன்றைக்குப் போனவர் தறியைப் பற்றி இன்றுவரை வாயைத் திறக்கவில்லை.

தீவு அமைதியானது. செல்லாத்தாள் அன்றைக்குத்தான் நிறைய நாள் கழித்து வாய்விட்டுச் சிரித்தாள். அந்த அமைதி மலைப் பக்கம் வரைக்கும் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ஒரு வாரத்தில் நிஜப் பன்றிகள் திரும்பி வந்தன. விடியற்காலையில் இருவரும் பரிசலில் போய் இறங்கியபோது, ஒரு தாயும் குட்டிகளும் தெற்கு மூலை ஓரத்தில் நின்று தின்றுகொண்டிருந்தன.

"சுடுங்க" என்றாள் செல்லாத்தாள்.

திருமூர்த்தி துப்பாக்கியை எடுத்தார். அப்புறம் சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்தார். "அம்மணி, இதுக பச்சையாத் தின்னுதுக. காலுல குளம்பு இருக்குது. இதுல சொன்ன பன்னி இது இல்ல. சுட்டாக் கேசாகிப் போகும்."

ரெண்டு பேரும் என்ன செய்வதென்று தெரியாமல் வரப்பில் உட்கார்ந்துவிட்டார்கள். பன்றிகள் ஓரத்து வரிசையைத் தின்றன. வெயில் ஏறியதும் தின்றது போதுமென்று தண்ணீரில் இறங்கி நீந்திப் போய்விட்டன. வரிசைகள் பலவும் அப்படியே நின்றன. மறுநாளும் அப்படித்தான். கார்த்திகையில் திருமூர்த்தி மிச்சத்தை அறுத்தார். விதைக்கு ஆயிற்று, சோற்றுக்கும் ஆயிற்று. கரடு அவரிடமே நின்றது.

துப்பாக்கியைத் திருப்பிக் கொடுக்க அவர் திருச்சி ரோட்டு மாடிப்படி ஏறினார். தீவும் பன்றியும் சேர்ந்து பதவியைக் காப்பாற்றியிருந்தன. பிரகாசத்துக்கு இப்போது உதவியாளர் ஒருவர், சுழலும் நாற்காலி ஒன்று. அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி இருவருமே பேசவில்லை.

"பச்சையாத் தின்னற பன்னி வருதுன்னு கேள்விப்பட்டனுங்க" என்றார் பிரகாசம். "அது எங்க கணக்குல இல்லாத பன்னி. ஒரு மனு எழுதிக் குடுத்தீங்கன்னா, நேர்ல வந்து சேதத்தப் பாத்து நடவடிக்கை எடுத்துப்போடலாம்."

"வேண்டாமுங்க" என்றார் திருமூர்த்தி.

"ஏனுங்க? உங்க வெள்ளாமையத்தானுங்க அழிக்குது?"

திருமூர்த்தி கொஞ்ச நேரம் துண்டை மடித்தார், பிரித்தார். யார் மனமும் நோகாமல் சொல்ல வேண்டுமே என்று பார்த்தார்.

"அதுக வவுறு ரொம்பினா நிறுத்திக்குதுங்க" என்றார்.

பிரகாசம் பேனாவை எடுத்து, 'மனுதாரர் துறையின் நடவடிக்கையில் முழுத் திருப்தி தெரிவித்தார்' என்று கோப்பில் எழுதி, கையெழுத்துப் போட்டு மூடினார். பிறகு நாற்காலியை ஒரு பக்கமாகத் திருப்பி, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, சும்மா கேட்பதுபோலக் கேட்டார்.

"அடுத்த வெள்ளாமையில கருது எப்பங்க பால் பிடிக்கும்?"

தெரியாது என்று சொல்லிவிடத்தான் திருமூர்த்தி நினைத்தார். "கருதப் பத்தி மட்டும் வாயத் தொறந்துறாதீங்க" என்று கிளம்பும்போதே செல்லாத்தாள் சொல்லியனுப்பியதும் நினைவிருந்தது. ஆனால் கேட்கிறவர் முகத்தைப் பார்த்துவிட்டார்.

"பொரட்டாசிலீங்க" என்றார். "ஊட்டுல எல்லாத்தையும் கூட்டிக்கிட்டு வாங்க."